எங்களுக்குக் கிடைத்தது மாமா முறை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளர்ப்புப் பராமரிப்பில் எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் இருந்த அண்ணன் தங்கை இருவரின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஊர், மாவட்டம், பள்ளி எதுவும் இருக்காது. அரசுப் பாதுகாப்பில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனக்கு இது உறைத்த விதம் கொஞ்சம் அவமானமானது. பிள்ளைகள் வந்த மூன்றாவது ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலில் நின்ற எங்களைச் சபையில் ஒரு சகோதரி படம் எடுத்து, ‘கர்த்தர் கொடுத்த ஈவு’ என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். எனக்கு அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து போன் வந்தபோதுதான், பயிற்சியில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்பது புரிந்தது. அந்தச் சகோதரி வீட்டுக்கு நானே நடந்து போய் அழிக்கச் சொன்னேன். இப்படி ஒரு குடும்பம் உங்கள் சபையில் இருந்தால், தயவுசெய்து படம் எடுக்காதீர்கள்.

நாங்கள் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். நான் மின்வாரியத்தில் இருக்கிறேன், மனைவி நடுநிலைப்பள்ளி ஆசிரியை. ஒரே பையன். இரண்டாவது குழந்தை எங்களுக்கு நிற்கவில்லை. ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்ற ஆசை மனைவிக்குள் அப்படியே கிடந்தது. எங்கள் பக்கத்து ஓய்வுநாள் பள்ளியில் டோனாவூர் கதை கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட ஒரு சிறுமி 1901இல் தப்பி ஓடிவந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் சேர்ந்தது, அப்புறம் அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வளர்ந்தது. அந்தக் கதையில் பிள்ளைகள் வருவார்கள், அம்மையாரை அம்மா என்பார்கள், அங்கேயே இருப்பார்கள். திரும்பிப் போவது அதில் கிடையாது. நாங்களும் மனதில் அந்தப் படத்தோடுதான் 2022இல் கிளம்பினோம்.

தமிழில் வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. அரசு இந்தத் திட்டத்தை ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்கிறது. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் வளர்ப்புப் பிள்ளை என்றாலே தத்தெடுத்த பிள்ளை. சொந்தக்காரர்கள் எல்லோரும் ‘தத்து எடுக்கிறீங்களாமே’ என்றுதான் வாழ்த்தினார்கள். நாங்களும் பாதி அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம். தத்து என்றால் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. பெற்றவர்களோடு இருந்த உறவு முடிந்துவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் பெற்றவர் பெற்றவராகவே இருக்கிறார், பிள்ளை கொஞ்ச காலம் உங்கள் வீட்டில் இருக்கிறது. சட்டத்தின் 44ஆவது பிரிவை ஒருமுறை யாராவது படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோர் வந்து பார்க்கலாம், அவர்கள் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று குழந்தைகள் நலக் குழு முடிவு செய்தால் பிள்ளை திரும்பிப் போகலாம் என்று அதிலேயே இருக்கிறது. தத்துக்குத் தகுதியானது என்று குழு கருதும் குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்புக்குக் கொடுக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். 1956இல் வந்த தத்துச் சட்டம் இந்துக்களுக்குத்தான். நம்மவர்கள் வெகுகாலம் 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டத்தின்படி காப்பாளராக மட்டுமே ஆக முடிந்தது. அதுவும் பிள்ளைக்கு வயது வந்தால் முடிந்தது. என் பெரியப்பா வீட்டில் அப்படி வளர்ந்த ஓர் அண்ணன் உண்டு. நாங்கள் யாரும் அவரை வேறாக நினைத்ததில்லை. பெரியப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அந்த வீட்டில் ஓர் ஓடுகூட அவருக்குச் சட்டப்படி கிடைத்திருக்காது. 2000த்தில் வந்த இளைஞர் நீதிச் சட்டமும் 2006இல் அதில் செய்த திருத்தமும்தான் எந்த மதத்தவரும் தத்தெடுக்க வழி திறந்தன. 2014இல் உச்ச நீதிமன்றம் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் அதை உறுதி செய்தது. தத்துதான் வேண்டும் என்றால் இன்றைக்கு அந்த வழி இருக்கிறது, அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எங்களைப் போல ஒன்றுக்கு வரிசையில் நின்று இன்னொன்றை எதிர்பார்க்க வேண்டாம்.

பாதுகாப்பு அலகில் முதல் நாளே அந்த அலுவலர் நேராகக் கேட்டார். “சார், உங்களுக்குப் பிள்ளை வேணுமா, இல்ல ஒரு பிள்ளைக்கு வீடு குடுக்கணுமா?” எனக்குக் கோபம் வந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். பேருந்தில் வரும்போது, “அவர் கேட்டது சரிதானே” என்றாள்.

காகித வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. ஆதார், வருமானச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, ஆலயப் பதிவேட்டிலிருந்து திருமணச் சான்று. மருத்துவச் சான்று மட்டும் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும், காசநோய், எச்.ஐ.வி., பி வகை மஞ்சள் காமாலைப் பரிசோதனைகள் உட்பட. என் அம்மாவுக்கு அப்போது 78 வயது. “இந்த வயசுல எனக்கு எய்ட்ஸ் டெஸ்டா” என்று ஆஸ்பத்திரி வரிசையில் சத்தமாகக் கேட்டு, முன்னால் நின்ற நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்தாள். நாங்கள் விண்ணப்பித்தபோது கணவன் மனைவி இருவரும் 35 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது விதி. 2024இல் மத்திய அரசு வழிகாட்டுதலை மாற்றியது. இப்போது திருமணமாகாதவர்கள், துணையை இழந்தவர்கள், விவாகரத்தானவர்களும் 35 கடந்திருந்தால் கேட்கலாம். தனி ஆணிடம் பெண்குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள். இப்படி வளரும் பிள்ளை பின்னால் தத்துக்குத் தகுதியானால், அந்தக் குடும்பமே தத்தெடுக்க முன்பு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், இப்போது இரண்டு.

வீட்டை ஆய்வு செய்ய வந்தவர்கள் கட்டிலையும் குளியலறையையும் பார்த்தது பத்து நிமிடம். என் மகனிடம் மொட்டை மாடியில் தனியாகப் பேசியது முக்கால் மணி நேரம். அப்போது ஒன்பதாம் வகுப்பு. என்ன கேட்டார்கள் என்று அவன் எங்களிடம் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், “அவங்க திரும்பிப் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எப்படி இருப்பீங்க?” என்று கேட்டான். நாங்கள் அதுவரை யோசிக்காத கேள்வி. வீட்டில் சொந்தப் பிள்ளை இருந்தால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் அதனிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் போட்ட பிறகுதான் கேட்டோம்.

2023 ஜூனில் அழைப்பு வந்தது. நாங்கள் கேட்டது ஒரு சின்னப் பெண்பிள்ளை. இருந்தது ஆறரை வயதுத் தங்கையும் பத்து வயது அண்ணனும். கூடப்பிறந்தவர்களை முடிந்தவரை பிரிக்கக் கூடாது என்பது சட்டம். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா பீடி சுற்றுபவர். அவருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் காசநோய். பதினெட்டு மாதத்துக்கு மேல் சிகிச்சை. பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல் அவரே பிள்ளைகளைக் குழுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கொஞ்ச நாள் ஓர் இல்லத்தில் இருந்தார்கள். வேதக்கார (கிறிஸ்தவ) வீட்டில் விடச் சம்மதமா என்று குழு அவரிடம் கேட்டதாம். அவர் திருப்பிக் கேட்டது, “அங்க கக்கூஸ் உள்ளயா, வெளியவா? பாப்பா ராத்திரி பயப்படுவா.”

பெரியவன் முதல் இரண்டு வாரம் பள்ளிப் பையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினான். உள்ளே அவன் துணியும் தங்கையின் துணியும். தங்கைக்குத் தலை வாரவும் அவன் யாரையும் விடவில்லை. டிவி பார்க்கும்போது அவன் விரல்கள் சும்மா இருக்காது. கிடைத்த காகிதத்தைச் சுருட்டி, அதன் வாயை நகத்தால் உள்ளே மடக்கி மடக்கி வைப்பான். சோபா இடுக்கெல்லாம் காகிதப் பீடி. அம்மா சுற்றிப் போடும் பீடிக்கு வாய் மடக்கிக் கொடுத்த கை அது. அவனை நிறுத்தச் சொல்ல நான் வாயெடுத்தேன். என் அம்மாதான், “அது அவன் ஜெபமாலை மாதிரி, விடு” என்றாள். சி.எஸ்.ஐ. ஆச்சிக்குக் கத்தோலிக்கர்களின் ஜெபமாலை எங்கிருந்து ஞாபகம் வந்ததோ.

இனி என் தவறு. ஆகஸ்ட் மாதம் என் சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய் காணாமல் போனது. பள்ளி விட்டு அவன் வர வேண்டிய நேரம் தாண்டி ஒன்றரை மணி நேரம். தேடிப் பிடித்தபோது, விளையாடினேன் என்றான். நான் அவன் காதைப் பிடித்துத் திருகினேன். அடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்த அதே கை. அவன் அழவில்லை, மூன்று நாள் பேசவும் இல்லை. நாலாம் நாள் தங்கைதான் சொன்னாள், அண்ணன் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று பேருந்து நிலையத்தில் விசாரித்துக்கொண்டிருந்தான் என்று. அம்மாவைப் பார்த்து அவர்களுக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் பழகட்டும், அப்புறம் பேச வைக்கலாம் என்று தள்ளிப் போட்டது நாங்கள்தான். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. நானே அலுவலருக்குப் போன் போட்டு, காதைத் திருகியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்று பயம்தான். மாதாமாதம் குழு ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குறை இருந்தால் எடுத்துவிடலாம். அவர் இரண்டு நாளில் வந்து அவனிடம் தனியாகப் பேசினார். அதிலிருந்து புதன், ஞாயிறு சாயங்காலம் வீடியோ அழைப்பு, எது நடந்தாலும் தவறாது. சளியில் கிருமி இல்லை என்று வந்ததும் நேரிலேயே பார்க்கத் தொடங்கினார்கள். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி சார்” என்றான். அப்போது என்னை சார் என்றுதான் கூப்பிடுவான்.

இடையில் நடைமுறைக்கு ஒன்று. அவனுக்கு நெற்றியில் அடிபட்டு நாலு தையல் போட வேண்டி வந்தபோது, மருத்துவமனையில் பெற்றோர் கையெழுத்து கேட்டார்கள். நான் யார் என்று விளக்கி முடிப்பதற்குள் அவன் சட்டை நனைந்துவிட்டது. குழுவின் உத்தரவு நகலை அன்றிலிருந்து பர்ஸில் மடித்து வைத்திருக்கிறேன். மனைவி கைப்பையில் ஒன்று, பள்ளியில் ஒன்று. லேமினேட் செய்துவிட வேண்டாம், சில இடங்களில் நகல் எடுக்கத் தகராறு. பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். அதை நம்பி மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள். வரும்போது பிள்ளைகளுக்கு என்று தனியாக வையுங்கள். காசுக்காக வளர்க்கிறார்கள் என்று பேசியவர்களும் உண்டு. மோசேயின் தாய் தன் சொந்தப் பிள்ளைக்குப் பாலூட்டவே பார்வோன் மகளிடம் சம்பளம் வாங்கினாளே என்று என் அம்மா அவர்களைக் கேட்டாள்.

மத விஷயம்தான் எங்களை அதிகம் உலுக்கியது. பேரை மாற்றக் கூடாது, ஞானஸ்நானம் என்ற பேச்சே கூடாது என்று குழு முதலிலேயே சொல்லியிருந்தது. நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். தலையாட்டுவது சுலபம். ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. பிள்ளைகள் விரும்பினால் உட்காரலாம், இல்லையென்றால் உள்ளே படிக்கலாம் என்றோம். பெரியவன் உள்ளே போய்விடுவான். சின்னவள் என் மனைவி மடியில் படுத்து, இரண்டாவது வசனம் தாண்டுமுன் தூங்கிவிடுவாள். அதற்கு மேல் அவளுக்கு எங்கள் மதத்தில் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. சபையில் ஒரு பெரியவர், “ஒரு ஆத்துமா கையில வந்திருக்கு, விட்டுராதீங்க” என்று வாரம் தவறாமல் சொன்னார். எங்கள் சேகரத்து ஐயர், அதாவது சபைப் போதகர், அவரை ஒருநாள் தனியாக அழைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது, அதோடு நின்றது.

சித்திரையில் பிள்ளைகளின் தெருவில் அம்மன் கொடை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார், ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்ட முடியுமா என்று. போனோம். வில்லுப்பாட்டு, முளைப்பாரி, பொங்கல். பெரியவன் அன்றைக்குத்தான் சிரித்துப் பார்த்தேன். தெருப் பையன்கள் நடுவில் அவன் வேறு ஆள். படைத்த சோற்றைச் சாப்பிடலாமா என்பது கொரிந்து சபைக் காலத்திலிருந்து முடியாத வழக்கு. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். மனைவி, கொடுத்த கையைத் தட்டக் கூடாது என்று வாங்கிச் சாப்பிட்டாள். நான் வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

காதணி விஷயமும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். ஏழு வயதாகியும் சின்னவளுக்குக் காது குத்தவில்லை. மனைவி ஆசை ஆசையாகச் சின்னதாக ஒரு ஜோடி தங்கக் கம்மல் வாங்கி வந்துவிட்டாள். நகைக் கடையிலேயே குத்திவிடுவார்களாம். பெரியவன் பார்த்துவிட்டு, “அது மாமா மடியில வச்சுதான் குத்தணும், அத்தை... எங்களுக்கு மாமா இல்ல. செத்துட்டாங்க” என்றான். கம்மல் பீரோவுக்குள் போனது.

அவன் என் மனைவியை அத்தை என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான், அதற்கும் ஒரு கதை உண்டு. நேரில் பார்க்கப் போன முதல் தடவை, சின்னவள் ஓடிப்போய் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, திரும்பி என் மனைவியைப் பார்த்து, “அம்மா, என் பை எங்கே?” என்று கேட்டுவிட்டாள். பெற்றவள் முகம் ஒரு நொடி விழுந்தது. என் மனைவிக்கும் வேர்த்துவிட்டது. நாங்கள் அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை, உண்மையைச் சொன்னால் அது இனித்தது. மாத்திரையால் கறுத்துப்போன முகத்தோடு அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னார், “அண்ணாச்சி, மதினிகிட்டச் சொல்லுங்க, பை கட்டிலுக்குக் கீழ இருக்குன்னு.”

அவ்வளவுதான். நான் அண்ணாச்சி, அவள் மதினி. அப்படியானால் பிள்ளைகளுக்கு மாமா, அத்தை. எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் பெற்றவருக்குரிய இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று அரைநாள் வகுப்பு எடுத்தார்கள். அந்தப் பெண் அதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பெற்றவர் ஆகாமல் பிள்ளைக்குக் கடமைப்பட்டவருக்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. நாங்கள்தான் அப்பா அம்மா நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதை, முடிந்தால் பெற்றவரையே முடிவு செய்ய விடுங்கள்.

2025 ஜனவரியில் அவருக்குச் சிகிச்சை முடிந்தது. காசநோயாளிகளின் சத்துணவுக்கு அரசு தரும் மாதம் 500 ரூபாய் 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருந்தது. அதில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளுக்கு ஒரு மெத்தை வாங்கியிருந்தார். குழு இரண்டு மாதத்துக்குள் முதலில் வாரக்கடைசி மட்டும், பிறகு ஒரு வாரம், பிறகு முழுவதும் என்று அனுப்பியது. இப்படிப் படிப்படியாக அனுப்பக் கேட்டு வாங்குங்கள், ஒரே நாளில் பெட்டி கட்டுவது பெரியவர்களுக்கே ஆகாது. போன பிறகு என் மகன் ஒரு வாரம் அந்த அறைக்குள் போகவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரிந்தது: நாங்கள் ஒழுங்காக இல்லை. மனைவி பள்ளியில் இரண்டு நாள் விடுப்புப் போட்டாள். நான் சோபாவை நகர்த்திப் பெருக்கியபோது காகிதப் பீடி ஒன்று கிடைத்தது, தூக்கிப் போட மனம் வரவில்லை.

பத்து நாள் கழித்து ராத்திரி போன். “மதினி, பாப்பா தூங்கமாட்டேங்கா. நீங்க என்ன செய்வீங்க?” மனைவி தயங்கித் தயங்கி, ஒன்றும் செய்வதில்லை, நாங்கள் வாசித்துக்கொண்டிருப்போம், அவள் தூங்கிவிடுவாள் என்றாள். மறுநாள் விசாரித்தபோது, அவர் பீடிக் கணக்கு நோட்டைச் சத்தமாக வாசித்தாராம், மூன்றாவது பக்கத்தில் தூங்கிவிட்டாளாம்.

பங்குனி உத்திரத்துக்கு அவர்களின் சாஸ்தா கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். அண்ணாச்சி மடியில்தான் வைக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். நான் இரண்டு நாள் யோசித்தேன். ஐயரிடம் கேட்கவில்லை; கேட்டால் அவருக்குச் சங்கடம். கம்மலை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்து, “கிளம்புங்க, வெயிலுக்கு முன்னாடி போகணும்” என்றாள் மனைவி. ஆற்றோரத்து மரத்தடியில் ஒரு மனைப்பலகை போட்டிருந்தார்கள். தலையை ஆட்டாமல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் ஆசாரி. நான் பிடித்தது போதவில்லை. இரண்டாவது காதுக்கு அவள் திரும்பி என் தோளைக் கடித்துவிட்டாள், சட்டையோடு சேர்த்து.